தொட்டியியல்: மூலமும் உரையும்

பாயிரம்

நூல் செய்தவர் பெயர் முதலாக எட்டுச் செய்திகளைச் சொல்லாத பாயிரம் பாயிரமன்று என்பது இலக்கண மரபு. மரபை மீறும் துணிவு இவ்வுரைகாரனுக்கு இல்லை. ஆகவே எட்டையும் முதலிலேயே சொல்லிவிடலாம்.

நூலை ஆக்கியோர் கொழும்பு நகரின் மீன் கடை நானாமார். வளர்க்கும் மீன் விற்போரையே இங்கு குறித்தோம். ஆணத்துக்கு மீன் விற்போர் வேறு. ஆக்கியோர் பலரேனும் ஒருவர் சொல்வதை மற்றவர் எழுத்துப் பிசகாமல் சொல்வதால் ஒருவரெனவே கொள்க. நூல் வந்த வழி வாய்வழி. வழங்கும் எல்லை மாளிகாவத்தைத் தொடர்மாடிகளும், அவற்றைச் சூழ்ந்த பஞ்சிகாவத்தை, மருதானை, தெமட்டகொடை, கெத்தாராமைப் பகுதிகளும். அலங்கார மீன் கடைகளுக்குப் பேர்போன சென்னைக் கொளத்தூரில் இதன் பாடபேதங்கள் வழங்கக்கூடும். அவற்றை ஒப்புநோக்கப் பயணச் செலவு கிடைக்கவில்லை.

நூற்பெயர் தொட்டியியல். யாப்பு, நூற்பா நான்கு. பொலித்தீன் பையில் காற்றடைத்து ரப்பர் வளையம் மாட்டி முடிப்பதற்குள் நான்கையும் ஓதிவிடலாம் என்பது இதன் சிறப்பு. நுதலிய பொருள், இரண்டடித் தொட்டிக்கு எந்த மீன் தகும், எத்தனை தகும், எத்தனை காலத்துக்குத் தகும் என்பது. கேட்போர், முன்னால் நிற்கும் பிள்ளையும் பின்னால் பர்ஸோடு நிற்கும் வாப்பாவும். பயன், விற்றவருக்கு அன்றே கிடைக்கும். வாங்கியவருக்கு ஆறு மாதம் செல்லும். மீனுக்குக் கிடைப்பதாக நூல் எங்கும் கூறவில்லை.

இத்தனை சிறந்த நூலுக்கு இதுவரை ஓர் உரை எழாமற் போனது தமிழ் கூறும் நல்லுலகின் குறையே. அதை நீக்கவே இம்முயற்சி.

களம்

உரைக்குள் நுழையுமுன் தொட்டியை அளந்துகொள்வது நலம். மாளிகாவத்தை வீடுகளில் பெருவழக்காகக் காணப்படுவது இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட கண்ணாடித் தொட்டி. கன அளவு இரண்டு கன அடி, அதாவது ஏறத்தாழ 57 லீற்றர். அடியில் கல், நடுவில் வாயைத் திறந்து மூடும் பிளாஸ்டிக் சிப்பி, மேலே விளிம்புவரை விடும் இடைவெளி எல்லாம் போக மீனுக்கு மிஞ்சுவது 45 லீற்றருக்குச் சற்று மேல். தொட்டியின் இருப்பிடம் ஹோலில் டீவிக்குப் பக்கத்து அலுமாரி. வீடு மூன்றாம் மாடி. கெத்தாராமை மைதானத்தில் மெட்ச் நடக்கும் இரவுகளில் விக்கெட் விழுந்த ஆரவாரம் டீவிக்கு முன்னர் யன்னல் வழியாக வந்துவிடும் வீடு என்று அடையாளம் வைத்துக்கொள்க.

இதே அளவுத் தொட்டியை உலகம் முன்னரே ஆராய்ந்திருக்கிறது. லண்டனில் ரொபர்ட் வோரிங்டன் என்ற இரசாயனவியலாளர் 13 கலன் கொள்ளும் ஒரு பாத்திரத்தில் தங்கமீனும் நீர்ச்செடியும் நத்தையும் சேர்த்து வைத்து, செடி தரும் ஒட்சிசனில் மீன் உயிர்வாழும் என்று காட்டி, 1850 இல் இரசாயனச் சங்கத்தின் இதழில் எழுதினார். நம் அலுமாரிமேல் இருப்பதும் ஏறக்குறைய அதே கொள்ளளவு. அவர் தம் கோட்பாட்டுக்கு ஒரு நிபந்தனையும் வைத்தார்: உள்ளே இருக்கும் உயிர்களின் தொகை மிதமிஞ்சக் கூடாது. மூன்றாண்டு கழித்து, 1853 இல், லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க் விலங்குக் காட்சியகத்தில் மக்களுக்காக மீனகம் திறந்தார்கள். ஆங்கிலேயர் வீட்டு ஹோல்களில் மீன் தொட்டிப் பைத்தியம் பிடித்தது. தொட்டி உலகமெல்லாம் பரவிற்று. நிபந்தனை மட்டும் லண்டனிலேயே தங்கிவிட்டது.

நூற்பா 1

"டேங்குக்கு ஏத்த மாதிரித்தான் மகன் வளர்ற."

இது தலைமை நூற்பா. ஏனைய மூன்றும் இதன் வயிற்றில் பிறந்தவை. "இது பெருசாகுமா நானா?" என்ற வினாவுக்கு விடையாக வருவது. வினவுவோர் பெரும்பாலும் வாப்பா. பிள்ளை வினவுவதில்லை, அது ஏற்கெனவே மீனுக்குப் பெயர் வைத்து முடித்திருக்கும்.

உதாரணம், ஒஸ்கார். தென்னமெரிக்காவின் அமேசன் படுகையைச் சேர்ந்தது. கடையில் அது நான்கு சென்டிமீற்றர். கறுப்பு மேனியில் வெள்ளையும் செம்மஞ்சளும் கலந்த கோலம். மற்ற மீன்கள் ஓடி ஒளிய, இது மட்டும் கண்ணாடிக்கு வந்து வாங்க வந்தவர் முகத்தைப் பார்க்கும். அந்த ஒரு பார்வைக்கே விலை போய்விடும். வளர்ந்த ஒஸ்கார் 30 சென்டிமீற்றரை எட்டும். நல்ல தீனி கிடைத்தால் ஓராண்டுக்குள் 20 ஐத் தாண்டிவிடும். நம் தொட்டியின் அகலமும் 30 சென்டிமீற்றர்தான். அஃதாவது, முழு வளர்ச்சி பெற்ற ஒஸ்கார் குறுக்கே நின்றால் உதடு முன் கண்ணாடியிலும் வால் பின் கண்ணாடியிலும் முட்டும்.

பத்தாம் மாதம் அந்த வீட்டு ஹோலில் நடப்பதைக் கிட்ட நின்று பார்ப்போம். மீன் திரும்ப வேண்டும். உடலை வளைக்கிறது, வால் கண்ணாடியில் 'டக்' என்று அடிக்கிறது. இரவில் அந்தச் சத்தம் கேட்டு உம்மா கள்ளன் என்று எழும்பி விளக்கைப் போடுகிறார். மீன் வெருண்டு மூடியில் முட்டுகிறது, அலுமாரியில் தண்ணீர். கல்லையெல்லாம் வாயால் அள்ளி ஒரு மூலையில் குவித்துவிட்டது. பிளாஸ்டிக் செடி வேரோடு மிதக்கிறது. சிப்பி கவிழ்ந்து கிடக்கிறது. முதல் வாரத்தில் துணைக்கு விட்ட ஆறு டெட்ராக்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இனி, முழு வளர்ச்சியின் கணக்கு. நீளம் நான்கிலிருந்து முப்பது ஆவது ஏழரை மடங்கு. ஆனால் மீன் நீளத்தில் மட்டும் வளரும் நூலன்று. உயரத்திலும் பருமனிலும் வளர்வது. ஏழரையை மும்முறை பெருக்கினால் 420 ஐத் தாண்டும். கடையிலிருந்து பையில் கொண்டுவந்த மீனைப் போல் நானூற்றுச் சொச்சம் மீன் அப்போது அந்த ஒரே தொட்டியில், ஒரே தோலுக்குள் இருக்கின்றன. அவ்வளவும் தின்கின்றன, அவ்வளவும் மூச்சு விடுகின்றன, அவ்வளவும் கழிக்கின்றன.

அங்ஙனமாயின் நூலாசிரியர் பொய் கூறினாரோ எனின், இல்லை. நூற்பாவில் அரைப்பங்கு உண்மை உண்டு. நெருக்கடியிலும் கெட்ட நீரிலும் மீனின் வளர்ச்சி மெய்யாகவே குன்றும். குன்றிய மீன் தொட்டிக்கு ஏற்ற மீன் ஆகிவிடாது. நோயாளி மீன் ஆகும், ஆயுள் குறைந்து போகும். மாளிகாவத்தையில் இரண்டு அறை வீட்டில் ஏழு பேர் வாழ்கிறார்கள். வீட்டுக்கு ஏற்ற மாதிரி அவர்களில் ஒருவரும் கட்டையாகிவிடவில்லை. மூத்த மகன் ஆறடி, காலை மடக்கிப் படுக்கிறான். அவ்வளவே. அவனைப் பார்த்து "ஃபிளாட்டுக்கு ஏத்த மாதிரித்தான் வளர்ற" என்று எந்த டொக்டரும் சொன்னதில்லை.

நூலாசிரியர் மேல் குற்றம் ஏற்றுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பண்ணைக்காரர் குஞ்சை விற்கிறார். கடைக்காரரிடம் அது தங்குவது சில நாள், மிஞ்சினால் சில வாரம். ஆக இந்த வியாபாரம் முழுவதும் மீனின் பிள்ளைப் பருவத்துக்கு மட்டுமே சாட்சி. கடையில் இருப்பன எல்லாம் பிள்ளைகள். கிழமீனைக் கண்ட ஒரே மனிதர் வாங்கிப்போனவர். அவரோ கண்டதைப் பக்கத்து வீட்டு வாசலில் சொல்கிறாரே தவிர, கடைக்குப் போய்ச் சொல்வதில்லை. எனவே நானா தாம் கண்டதைத்தான் சொல்கிறார்: அவர் டேங்கில் எந்த மீனும் பெரிதானதில்லை.

நூற்பா 2

"தனிய போட்டா செத்துப் போற, ஜோடியா எடுங்க."

இது தொகை பற்றியது. கப்பியைக் குறித்தே பெரிதும் ஓதப்படும். இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும் நன்னீர் அலங்கார மீன்களில் கப்பிக்கே முதலிடம். நுளம்புக் குடம்பிகளைத் தின்ன வைப்பதற்காகக் கிணறுகளிலும் தேங்கிய நீரிலும் விடப்படுவதும் இதுவே. ஆண் மூன்று சென்டிமீற்றர், பெண் மிஞ்சினால் ஆறு. உடலளவில் இரண்டடித் தொட்டிக்கு இதைவிடப் பொருத்தமான மீன் இல்லை. ஆகவே முதல் நூற்பாவில் அடிபட்டவர் இரண்டாம் நூற்பாவை நம்பி ஒரு ஜோடியோடு வீடு திரும்புகிறார்.

கப்பி முட்டையிடுவதில்லை; குஞ்சு போடும். ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருமுறை இருபதும் போடலாம், ஐம்பதும் போடலாம். அந்தக் குஞ்சுகளில் பெண்கள் இரண்டு மூன்று மாதத்தில் தாமும் தாயாகத் தயார். தாய் தன் குஞ்சுகளைத் தானே தின்னும் என்பது உண்மைதான். ஆயினும் பிள்ளைகள் ஒரு கட்டுப் பாசியைத் தொட்டிக்குள் போட்டு அந்த இயற்கைக் கட்டுப்பாட்டையும் கெடுத்துவிடுவார்கள். ஆணை அகற்றினால் தீருமோ எனின், தீராது. பெண் கப்பி ஒருமுறை பெற்ற விந்தை மாதக்கணக்கில் சேமித்து வைத்து, ஆணின் நிழல்கூடப் படாமல் மேலும் பல முறை குஞ்சு போடும். கடையில் ஆணோடு ஒரே டேங்கில் இருந்த பெண், தனியாக வந்தாலும் தனியாக வருவதில்லை.

ஆறு மாதத்தில் அந்த ஜோடி ஒரு சனசமூகம். மேல்வீட்டுக்கு ஒரு போத்தலில் கொஞ்சம், கீழ்வீட்டுக்குக் கொஞ்சம், மதரஸாவில் கூடப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் என்று பகிர்ந்து, கடைசியில் போத்தலோடு படியேறும் பிள்ளையைக் கண்டால் அண்டை வீட்டார் கதவைச் சாத்தும் நிலை வரும். தொட்டிக்குப் பொருத்தம் பார்க்கும்போது ஒரு மீனின் அளவைப் பார்ப்பது பாதிக் கணக்கு. அது பெருகும் வேகம் மீதிக் கணக்கு. இதற்கு மாற்று எளிது. ஆண் கப்பி மட்டும் ஆறு அல்லது எட்டு எடுக்கலாம். வண்ணமும் வாலும் ஆணுக்கே உரியவை. சண்டை பெரிதாக வராது. தொகை கூடாது. குறையுமேயன்றி ஏறாத கணக்கு வீட்டில் ஒன்றாவது இருக்கட்டும்.

இந்நூற்பாவுக்கு இரு மறுதலை உண்டு. ஒன்று பைட்டர், ஆண் பைட்டர் இரண்டை ஒரே தொட்டியில் விட்டால் மறுநாள் ஒன்றே மிஞ்சும், அதுவும் கிழிந்த செட்டையோடு. இன்னொன்று டெட்ரா, சிறு பார்ப் போன்ற கூட்டு மீன்கள். இவற்றுக்கு ஜோடி போதாது. ஆறுக்குக் குறைந்தால் நாள் முழுக்கப் பாசிக்குள் பதுங்கும். ஆகவே ஜோடி என்பது நிக்காஹ் மண்டபத்துக்குப் பொருந்தும் விதி. தொட்டிக்குப் பொதுவிதி ஆகாது.

நூற்பா 3

"இது அழுக்கெல்லாம் திங்கிற, டேங்க் கழுவத் தேவில்ல."

சுட்டப்படுவது டேங்க் கிளீனர். கறுத்த, கவசம் போன்ற முதுகும், கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் வாயும் கொண்ட தென்னமெரிக்கக் கெளுத்தியினம். கடையில் விரலளவு. வளர்ந்தால் 40, 50 சென்டிமீற்றர் வரும். குட்டியில் பாசியைச் சுரண்டித் தின்னும்; வளர வளர அந்தச் சுறுசுறுப்புக் குறைந்து, மற்ற மீன்களுக்குப் போட்ட தீனியில் பங்கு கேட்கும். பகலில் அசையாது. உத்தியோகப் பெயரைப் பார்த்து வேலைத்திறனை மதிப்பிடக் கூடாது என்பதற்கு நாட்டில் வேறு உதாரணங்களும் உண்டு. அவற்றை இங்கு விரிக்கவில்லை.

தின்றது எங்கே போகும் என்ற வினாவை இந்நூற்பா எழுப்பவில்லை. உரைகாரன் எழுப்பக் கடமைப்பட்டவன். மீன் தின்றதெல்லாம் செவுள் வழியாகவும் கழிவாகவும் அமோனியாவாகத் தண்ணீருக்கே திரும்பும். அமோனியா மீனுக்கு நஞ்சு. கல்லிலும் பில்டர் பஞ்சிலும் குடியிருக்கும் பக்டீரியாக்கள் அதை நைத்திரைற்று ஆக்கும், அதுவும் நஞ்சு. வேறு பக்டீரியாக்கள் அதை நைத்திரேற்று ஆக்கும். இது அவ்வளவு கொடிதன்று, ஆனால் சேரும். சேர்ந்ததை வெளியேற்ற ஒரே வழி வாளி. வாரம் ஒருமுறை தொட்டியின் கால்பங்குத் தண்ணீரை மாற்ற வேண்டும். இந்த வேலைக்கு எந்த மீனையும் நியமிக்க முடியாது. புதிய தொட்டியில் அந்தப் பக்டீரியாக்கள் நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். தொட்டி வாங்கிய அன்றே மீனையும் நிரப்புவோர் அறியாதது இது.

நூற்பாவை நம்பி ஆறு மாதம் கழுவாமலிருந்து, பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மனச்சாட்சி உறுத்தி, கல், பஞ்சு, சிப்பி, கண்ணாடி எல்லாவற்றையும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் குழாய்த் தண்ணீரை அப்படியே நிரப்புவோர் உளர். பக்டீரியா முழுதும் வடிகாலில் போயிற்று. குழாயில் வருவதோ குளோரின் கலந்த தண்ணீர். திங்கட்கிழமை காலை மீன்கள் மேலே மிதக்கும். "கண்ணூறு பட்டுட்டு" என்று வாப்பும்மா தீர்ப்பளிப்பார். வாளியில் ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீர் என்றால் குளோரின் பெரிதும் பறந்துவிடும், கண்ணூறும் குறையும்.

இங்கே வெளிநாட்டார் கண்டுபிடித்த ஒரு பழைய விதியையும் எடுத்து மறுக்க வேண்டியிருக்கிறது: ஓர் அங்குல மீனுக்கு ஒரு கலன் தண்ணீர் என்பது. நம் தொட்டி அமெரிக்கக் கணக்கில் 15 கலன். ஆகவே விதிப்படி ஓரங்குல மீன் பதினைந்து விடலாம். நன்று. அதே விதிப்படி பதினைந்து அங்குல டேங்க் கிளீனர் ஒன்றும் விடலாம். முன் சொன்ன மும்மடிப் பெருக்கலைப் பயன்படுத்துக: பதினைந்து சிறு மீனின் உடல் 15 பங்கு என்றால், அந்த ஒற்றை மீனின் உடல் 3,375 பங்கு. இரண்டையும் ஒரே தராசில் சமம் என்று வைத்த விதியை மீன் விற்போர் இயற்றியிருக்கலாம், மீன் இயற்றியிருக்காது.

நூற்பா 4

"பெருசானா இங்க கொண்டு வாங்க, நாங்க எடுக்கிற."

முதல் நூற்பாவோடு இது முரண்படுகிறதே எனின், உண்மை. டேங்குக்கு ஏற்ற மாதிரி வளரும் மீன் பெரிதாவது எவ்வாறு? உரையாசிரியர் மரபில் இத்தகைய இடங்களில் "முன்னது பொதுவிதி, பின்னது சிறப்புவிதி" என்று சமாதானம் சொல்லித் தப்பலாம். தப்ப விருப்பமில்லை. வளரும் என்பது நூலாசிரியருக்கு முன்னமே தெரியும் என்பதற்கு இந்நூற்பாவே அகச்சான்று.

கொண்டுபோனால் எடுப்பாரா என்பது அடுத்த கேள்வி. அவர் கடையில் இருப்பவையும் இரண்டடி, மூன்றடித் தொட்டிகளே. ஓரடி ஒஸ்காரை எதற்குள் விடுவார்? அந்த மீனை வாங்கவும் ஆளில்லை. அது யார் முகத்தையும் பார்த்து விலைபோகும் வயதைக் கடந்துவிட்டது. ஆகவே வாளியோடு போனவர் வாளியோடு திரும்புவார். திரும்பும் வழியில் கால்வாய் இருக்கிறது. "பாவம், வாயில்லா ஜீவன், தண்ணியிலதானே விடுற" என்று கருணை பிறக்கும்.

அந்தக் கருணையின் விளைவை நாடு அனுபவித்துக்கொண்டிருக்கிறது. டேங்க் கிளீனர் இலங்கையின் ஆறு குளங்களில் பரவிய அந்நிய ஆக்கிரமிப்பு இனம். நீர்த்தேக்கங்களில் மீன்பிடிப்போர் வலையைக் கிழித்து, விலைபோகாமல், கரையில் குவிகிறது. கத்தி போன்ற தட்டை உடலும் பக்கத்தில் பொட்டுகளும் கொண்ட நைஃப் பிஷ்ஷும் அப்படித்தான். தொட்டிக்கு அழகென்று இறக்கிய மீன், இன்று நன்னீர் நிலைகளில் உள்ளூர்ச் சிறு மீன்களை வேட்டையாடுகிறது. யாரோ ஒருவரின் இரண்டடிக் கணக்குப் பிழை இருநூறு ஏக்கர் குளத்தின் கணக்கைக் கெடுக்கும்.

கூறாது விட்டது

நான்கு நூற்பாவிலும் காலம் என்ற பொருள் இல்லை. வாங்குபவர் விலை கேட்கிறார், தீனி கேட்கிறார், எத்தனை வருடம் இருக்கும் என்று கேட்பதில்லை. கப்பி இரண்டாண்டு, பைட்டர் மூன்று, ஏஞ்சல் பத்துவரை, ஒஸ்கார் பத்துக்கு மேல், அரோவானா இருபது. சிறு பிள்ளை மீன் என்று எல்லோரும் எண்ணும் கோல்ட் பிஷ் ஒழுங்காகப் பார்த்தால் பத்து முதல் இருபது ஆண்டு வாழும், 20 சென்டிமீற்றரைத் தாண்டி வளரும். இங்கிலாந்தில் டிஷ் என்ற கோல்ட் பிஷ் 43 ஆண்டு வாழ்ந்து 1999 இல் இறந்தது.

மாளிகாவத்தைக் காலக்கோட்டில் இதைப் பொருத்திப் பார்க்க. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை பாஸானதற்காக மகனுக்குக் கோல்ட் பிஷ் இரண்டு வாங்கப்படுகின்றன. அவன் சாதாரண தரம் எழுதும்போது அவை உள்ளங்கை அளவு. உயர்தரம் எழுதும்போது தொட்டியில் திரும்ப இடமில்லை. அவன் கட்டாருக்கு வேலைக்குப் போகிறான். மீன்களுக்கு விசா இல்லை. இனி வாளி தூக்குவது யார் என்பதில் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் இடையே நடக்கும் பேச்சுவார்த்தை இவ்வுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. பிள்ளைக்கு வாங்கும் மீனை வளர்த்து முடிப்பவர் பெற்றவரே. ஆகவே மீனைத் தெரிவுசெய்யும்போது பிள்ளையின் ஆசையோடு பெற்றவரின் முழங்காலையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

காலம் இன்னொரு வகையிலும் சோதிக்கும். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. பில்டரும் காற்றுக்குழாயும் நின்றன. தண்ணீர் சூடேறச் சூடேற அதில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறையும். 20 பாகை செல்சியஸில் லீற்றருக்கு 9 மில்லிகிராம் கரைவது, 30 பாகையில் 7.5 அளவுக்கு இறங்கிவிடும். கொழும்பு வீட்டு ஹோல் 30 பாகைக்கு அருகில்தான் ஆண்டு முழுக்க இருக்கிறது. நெருக்கமான தொட்டி மோட்டர் ஓடும்வரைதான் தொட்டி. மோட்டர் நின்ற தொட்டியில் உயிரைக் காப்பது மீன் குறைவாக இருப்பது ஒன்றே. நம் நாட்டில் தொட்டிக்கு எத்தனை மீன் என்பதை மின்சாரம் உள்ள நேரத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது.

மறுப்புக்கு மறுப்பு

"மீனைச் சிறிதாக்குவானேன், தொட்டியைப் பெரிதாக்கலாமே" என்பார் ஒரு சாரார். ஒரே ஒரு ஒஸ்காருக்கே குறைந்தது நாலடித் தொட்டி வேண்டும். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் ஒன்பது கன அடி. தண்ணீர் மட்டும் 255 கிலோ. கண்ணாடி, கல், இரும்பு ஸ்டேண்ட் எல்லாம் சேர்ந்தால் 300 ஐத் தாண்டும். அரோவானாவுக்கென்று ஆறடிக்கு இரண்டடிக்கு இரண்டடி வைத்தால் தண்ணீரே 680 கிலோ. அதை மூன்றாம் மாடியில், பல பத்தாண்டு வயதான கொங்கிறீட் தட்டின் நடுவில் வைத்தபின் கீழ்வீட்டு மாமி கூரையைப் பார்க்கும் பார்வையில் மாற்றம் ஏற்படும். அதற்குமுன் அத்தொட்டி படிக்கட்டின் திருப்பத்தில் திரும்ப வேண்டும். ஒஸ்காருக்கு வந்த அதே சிக்கல் இப்போது தொட்டிக்கு.

ஆகவே அளவைத் தீர்மானிப்பது வீடு. வீட்டுக்கு ஏற்றது தொட்டி. தொட்டிக்கு ஏற்றது மீன். இந்த வரிசையை மறுபுறமாக ஓதத் தொடங்கியதே எல்லாத் துன்பத்துக்கும் காரணம்.

தகுதி

வளர்த்து அடிபட்டவர்களின் கைக்கணக்கு ஒன்று உண்டு. மீனின் முழு வளர்ச்சி நீளத்தைப் போல் ஆறு மடங்கு தொட்டியின் நீளமும், இரண்டு மடங்கு அகலமும் இருக்க வேண்டும். இரண்டடித் தொட்டி 60 சென்டிமீற்றர். ஆறால் வகுத்தால் 10. பத்துச் சென்டிமீற்றருக்கு மேல் வளரும் எதுவும் அதற்குள் வரக் கூடாது. இந்த ஒரே வரியில் ஒஸ்கார், கோல்ட் பிஷ், கார்ப், டேங்க் கிளீனர், அரோவானா எல்லாம் வாசலிலேயே நின்றுவிடும். சில்வர் ஷார்க்கும் நிற்கும். அது 30 ஐத் தாண்டுவது. சிறு சுறாபோல் மினுங்கும் இன்னொரு "ஷார்க்" உண்டு. அது மீக்கோங் ஆற்றின் பங்காஸ் கெளுத்தி, ஒரு மீற்றருக்கு மேல் வளரும், உலகச் சுப்பர்மார்க்கெட்டுகளில் துண்டு மீனாக விற்பதும் அதுவே. தொட்டிக்கும் தட்டுக்கும் நடுவே அதற்கு இருக்கும் வேறுபாடு வயது மட்டுந்தான்.

உள்ளே வரத் தகுந்தவை: ஆண் கப்பிகள் ஆறெட்டு, அல்லது பிளாட்டியில் ஒரே பாலாக ஐந்தாறு, அல்லது சீப்ரா மீன் எட்டு. நியோன் டெட்ரா அளவில் தகுந்ததே, ஆனால் குளிர்ந்த நீர் விரும்பி. கொழும்பு வெக்கையில் வாடும்.

இவ்வுரைகாரன் முதலிடம் கொடுப்பது செரி பார்ப் என்று உலகம் அழைக்கும் நம் நாட்டுச் சிறு மீனுக்கு. சிங்களத்தில் லே தித்தயா. முழு வளர்ச்சி ஐந்து சென்டிமீற்றர். 1929 இல் பி. ஈ. பி. தெரணியகல இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். களனி முதல் நில்வளா வரையான ஆற்றுப்படுகைகளின் நிழலோடைகள் இதன் ஊர். உலகில் வேறெங்கும் இயற்கையில் இல்லை. கொழும்புக் குழாய்களில் வரும் தண்ணீரில் ஒரு பங்கு அம்பத்தளையில் களனி கங்கையிலிருந்து எடுத்துச் சுத்திகரிப்பது. ஆக இந்த மீனைத் தொட்டியில் விட்டால் அது தன் ஊர்த் தண்ணீரிலேயே, குளோரின் நீங்கலாக, இருக்கிறது. பெண்கள் கூடுதலாக எட்டோ பத்தோ விட்டு, பாசியும் கொஞ்சம் நிழலும் கொடுத்தால், ஆண்கள் ஒன்றையொன்று வெல்லச் செம்பழுப்பு மேனியைச் சிவப்பாக்கிக் காட்டும். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் இதை விரும்பி வளர்க்கிறார்கள். மாளிகாவத்தையில் அமேசன் மீனை வைத்துக்கொண்டு, அது திரும்ப இடமில்லையே என்று நாம் கவலைப்படுகிறோம். ஓடையில் பிடித்ததை வாங்காமல் வளர்ப்பில் பெருக்கியதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது ஒன்றே இதற்கு நிபந்தனை.

புறனடை

ஏற்கெனவே பெரிய மீன் வைத்திருப்போருக்கு இவ்வுரை காலம் கடந்து வந்தது. அவர் பெரிய தொட்டி அல்லது சீமெந்துக் குளம் உள்ளவரைத் தேடிக் கொடுக்க. கால்வாயைத் தேட வேண்டாம். குடுவையில் வாழும் பைட்டர் விதிவிலக்கன்று. அது வெளிக்காற்றைச் சுவாசிக்க வல்லதாதலால் சாகாமல் இருக்கிறது, அவ்வளவே. அதற்கும் பதினைந்து லீற்றராவது கொடுக்க. வளர்ந்த மீனைக் கண்ணால் கண்டாலன்றி நம்பாதோர், 1936 இலிருந்து இயங்கும் தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்குப் பிள்ளையோடு போய் மீனகத்தின் முன் நிற்க.

இங்கே சொல்லாத மீன்களுக்கு விதி யாதெனின்: முழுதாக வளர்ந்தால் எத்தனை அங்குலம், எத்தனை வருடம் வாழும், எத்தனை பேராக இருக்க விரும்பும் என்ற மூன்றையும் காசு கொடுக்குமுன் கேட்க. விடையாக மேற்கண்ட நான்கு நூற்பாக்களில் எதை நானா ஓதத் தொடங்கினாலும், ஸலாம் சொல்லி, அன்றைக்குத் தீனி மட்டும் ஒரு பக்கெற் வாங்கிக்கொண்டு வருக. தீனி வளராது.